எல்லைக்கோடு யாரைக் காத்தது? புதுச்சேரியின் வரியும் வாணிபமும் பிழைப்பும்

புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலம் அல்ல. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று அதன் ஊர்கள் திட்டுத்திட்டாகக் கிடக்க, இடையிடையே கடலூர், விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள் புகுந்து வருகின்றன. காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் இன்னும் தொலைவில். நான்கையும் சேர்த்தாலும் பரப்பு 500 சதுர கிலோமீட்டரைத் தொடவில்லை. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 12.48 லட்சம். இந்தச் சிறு நிலத்தைச் சுற்றி ஓடும் கோடு, கடந்த 200 ஆண்டுகளில் பல வேலைகள் செய்திருக்கிறது. இரண்டு பேரரசுகளுக்கு நடுவே சுங்க வேலியாக நின்றது. விடுதலை பெற்ற இந்தியா பிரான்சை நெருக்குவதற்குப் பயன்பட்டது. பிறகு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்ற கணக்கில் கடைத்தெருவை வாழவைத்தது.

இந்தக் கோட்டால் புதுச்சேரியின் உழைக்கும் மக்களுக்குக் கிடைத்தது நன்மையா, கேடா? பிரெஞ்சு அதிகாரிகள், ஆலை முதலாளிகள், தொழிற்சங்கத்தார், இணைப்பு இயக்கத்தார், வணிகர்கள், பொருளியலாளர்கள் எனப் பலரும் தத்தம் காலத்தில் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூர்ப் பின்னலாடைக்கும் கடலோர இறால் தொழிலுக்கும் என்ன ஆகும் என்ற கவலை பரவியது. தொலைதூரத் தலைநகரம் ஒன்று எழுதும் வரிவிகிதம் உள்ளூர்ச் சம்பளத்தை எப்படித் தொடுகிறது என்பதில் புதுச்சேரிக்கு நீண்ட அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தின் மீது எழுந்த நிலைப்பாடுகளை இக்கட்டுரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் வலுவையும் குறையையும் பார்க்கிறது.

காப்புவரி வாழவைத்தது என்ற வாதம்

மிகப் பழைய விடை துணியிலிருந்து வருகிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல்கள் இங்கிருந்து முதன்மையாக ஏற்றிச் சென்றது துணி. கம்பெனியின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளர்–தரகராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கப்பல் வரத்தும் துணிக் கணக்கும் அரசியலுக்கு இணையாக இடம்பிடிக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஒரு சரக்கு தனித்து உயர்ந்தது: அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் ‘கினே’ என்றார்கள். புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போய், அங்கே வேலம்பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. அந்தப் பிசின் ஐரோப்பியத் துணி ஆலைகளுக்குத் தேவைப்பட்டது. வரலாற்றாளர் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 1992-இல் எழுதிய ஆய்வு, புதுச்சேரித் தறியும் செனகல் ஆற்றங்கரைச் சந்தையும் ஒன்றின் ஏற்றத்தாழ்வில் மற்றொன்று அசையும்படி பிணைந்திருந்ததை விளக்குகிறது.

1828-இல் இயந்திர நூற்பாலை ஒன்று, பின்னாளில் சவானா மில் என்று அறியப்பட்டது, புதுச்சேரியில் தொடங்கியபோது ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோனின் நிர்வாகம் அதற்கு ஆதரவு தந்தது. 1870களின் பிற்பகுதியில் செனகலில் வெளிநாட்டுக் கினே துணிக்குக் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. மலிவான ஐரோப்பியப் போலிகளிடமிருந்து புதுச்சேரிச் சரக்குக்கு அது கேடயம். நூற்றாண்டின் இறுதியில் கெப்ளே மில்லும், 1898-இல் முதலியார்பேட்டையில் ரோடியர் மில்லும் வந்தன. பின்னாளில் முன்னது பாரதி மில், பின்னது ஏ.எஃப்.டி. எனப்பட்ட ஆங்கிலோ–பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ். பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்ததால்தான் இத்தனை சிறிய ஊரில் மூன்று பெரிய ஆலைகள் எழுந்தன என்பது இந்த வாதத்தின் சாரம்.

வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் இரண்டு இடங்களில் அது தளர்கிறது. முதலாவது, கேடயத்தைத் தூக்கியதும் இறக்கியதும் பாரிஸ். பிரான்சின் ரூவான் நகரத் துணி முதலாளிகளுக்கும் அதே காலனிச் சந்தை மீது கண் இருந்தது. அவர்களுடைய குரல் நாடாளுமன்றத்தில் ஒலித்த அளவுக்கு முத்தியால்பேட்டை நெசவாளியின் குரல் ஒலிக்க வழியில்லை. இரண்டாவது, ஆலையைக் காத்த வரி, கைத்தறியைக் காத்தது என்று சொல்ல முடியாது. இயந்திரம் வந்த பிறகு காப்பின் பலன் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது வேறு கணக்கு.

இதே காலத்து உப்புக் கதையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 1815-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு எடுக்கும் உரிமை ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். சில ஆண்டுகளில் உப்பள உடைமையாளர்களுக்கும் ஒரு தொகை ஏற்பாடானது. பாத்தி கட்டி, மிதித்து, வாரிய கூலியாட்களுக்கு அந்த ஏற்பாட்டில் இடம் இல்லை. கருவூலத்துக்கு ஈடு, உடைமைக்கு ஈடு, உழைப்புக்கு ஒன்றுமில்லை. இந்த வரிசை பின்னாலும் வெவ்வேறு வேடத்தில் திரும்பி வருகிறது.

சங்கம் சொன்ன விடை

1930களில் கேள்வியே வேறு முனையிலிருந்து எழுப்பப்பட்டது. வ. சுப்பையா முதலிய கம்யூனிஸ்ட் தலைவர்கள், ஆலை இருக்கிறதா என்பதோடு நிற்காமல், ஆலைக்குள் இருப்பவரின் நிலை என்ன என்று கேட்டார்கள். 8 மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை, கூலி உயர்வு ஆகியவை கோரிக்கைகள். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்படை சுட்டதில் 12 பேர் இறந்தனர். அந்த நாள் இன்றும் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது.

அப்போது பாரிஸில் ஆட்சியில் இருந்தது லியோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி. அந்த ஆண்டு ஜூனில்தான் பிரான்சில் 40 மணி நேர வாரம் சட்டமானது. துப்பாக்கிச்சூட்டின் அதிர்ச்சியும் பாரிஸின் அரசியலும் சேர்ந்து, 1937-இல் பிரெஞ்சிந்தியாவுக்கு ஒரு தொழிலாளர் ஆணை வந்தது. 8 மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. ஆசியாவிலேயே முதல் என்று புதுச்சேரியில் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த ஒப்பீட்டை நிறுவுவது எளிதல்ல என்றாலும், பக்கத்தில் இருந்த பிரிட்டிஷ் இந்தியாவோடு ஒப்பிட முடியும். அங்கே 1934 தொழிற்சாலைச் சட்டம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளுக்கு வாரம் 54 மணி நேரத்தை அனுமதித்தது. 48 மணி நேரமாகக் குறைந்தது 1946 திருத்தத்தில்தான். எனவே கோடு இங்கே உண்மையிலேயே உழைப்பவருக்கு உதவியது.

ஆனால் சங்கத்தார் இதிலிருந்து எடுத்த முடிவு, கோட்டைப் போற்றுவதாக இல்லை. சட்டம் தானாக வரவில்லை, 12 உயிர்களுக்குப் பிறகு வந்தது என்பதே அவர்கள் அழுத்திச் சொன்னது. இந்த நிலைப்பாட்டின் பலவீனம், ஆலைக்கு வெளியே இருந்தவர்களை அது போதிய அளவு கணக்கில் எடுக்காதது. விவசாயக் கூலி, மீனவர், வீட்டு வேலை செய்வோர் ஆகியோருக்கு ஆலைச் சட்டம் நேரடியாக எதையும் தரவில்லை.

சுங்க வேலியும் இணைப்பும்

1941-இல் பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒன்றியம் அமைத்துக்கொண்டன. விடுதலைக்குப் பிறகு, 1949 ஏப்ரலில் இந்திய அரசு அதை முறித்தது. திட்டுத்திட்டான ஊர்களைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள் முளைத்தன. வயல் ஒரு நாட்டிலும் வீடு இன்னொரு நாட்டிலும் இருந்த விவசாயி, தன் நெல்லையே எல்லை கடத்த வேண்டியவரானார்.

அதே வேலி வேறு சிலருக்குப் பணம் காய்த்தது. துறைமுகத்தில் இறங்கிய தங்கம், வைரம், கைக்கடிகாரம், மதுவகைகள் வேலியைத் தாண்டினால் பல மடங்கு விலை. சென்னை மாகாணம் முழுவதும் 1948-இல் மதுவிலக்கு வந்திருந்தது அந்த வணிகத்துக்கு இன்னும் தோதாகிவிட்டது. இணைப்பு இயக்கத்தின் பார்வையில், பிரெஞ்சு ஆட்சி நீடிக்க விரும்பியவர்களின் கொள்கைக்குப் பின்னால் இருந்தது இந்த வருமானமே. இந்திய அரசின் நெருக்கடி அந்த ஊற்றை அடைக்கும் முயற்சி என்று அவர்கள் நியாயப்படுத்தினார்கள்.

1954-இல் கெடுபிடி இறுகியது. அதுவரை பிரெஞ்சு ஆதரவுத் தலைவராக இருந்த எதுவார் குபேர் அந்த மார்ச்சில் அணி மாறினார். அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர்; இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. உடன்படிக்கை 1956-இல் கையெழுத்தாகி, 1962-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின் நடப்புக்கு வந்தது.

இந்த ஐந்தாண்டுகளை வரலாற்றாளர்கள் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். தேசிய இயக்க வரலாற்றில் முற்றுகை ஒரு தேவையான கசப்பு மருந்து. ஜெசிகா நமக்கல் போன்ற பிற்கால ஆய்வாளர்கள், எல்லையோர மக்கள் எந்தக் கொடியின் ஆள் என்று தெரியாமல் அலைக்கழிந்த அனுபவத்தை முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டும் முரண்பட வேண்டியதில்லை. முடிவு பெரும்பாலோருக்கு ஏற்புடையதாக இருந்திருக்கலாம். அதுவரை ஆன செலவு மட்டும் சமமாகப் பங்கிடப்படவில்லை. கடத்தல்காரர் சரக்கை மாற்றிக்கொண்டார். மேல்தட்டினர் சிலர் உடன்படிக்கை தந்த வாய்ப்பில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தனர். சாவடியில் நின்ற கூலிக்கு அப்படியொரு வழி இருக்கவில்லை.

குறைந்த வரி என்னும் ஏற்பாடு

ஒன்றியப் பகுதியான பிறகும் கோடு மறையவில்லை. விற்பனை வரி தமிழ்நாட்டைவிடக் குறைவாக இருந்ததால் இருசக்கர வண்டி, வீட்டுச் சாதனம், பெட்ரோல், மது எல்லாம் இங்கே மலிவு. வருமான வரிச் சட்டம் தொழிலில் பின்தங்கிய மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் தந்த விடுமுறைச் சலுகையில் புதுச்சேரியும் இடம்பெற்றது. 1990களில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனைப் பக்கங்களில் பெரிய நிறுவனங்களின் ஆலைகள் எழுந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மக்கள் இந்தக் கோட்டை மதித்தார்கள் என்பதற்கு 1979 ஜனவரி சான்று. புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு இணைக்கும் எண்ணத்தைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டதும் ஊர் கொந்தளித்தது; துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அந்தக் கொந்தளிப்பை மதுக்கடைக்காரர்களின் தூண்டுதல் என்று ஒதுக்குவோர் உண்டு. சிறிய சட்டமன்றம், எட்டிப் பிடிக்கக்கூடிய அரசு வேலை, தனி அடையாளம் ஆகியவற்றை இழக்கும் அச்சமே காரணம் என்போரும் உண்டு. இரண்டாம் விளக்கத்தை எளிதில் தள்ள முடியாது. தமிழ்நாட்டில் ஒரு மாவட்டமாக இருந்தால் கிடைக்கும் கவனம் எவ்வளவு என்பதை மக்கள் கணக்குப் போட்டிருக்கக் கூடும்.

இந்த ஏற்பாட்டின் குறை, அதன் ஆயுள் பிறர் கையில் இருந்ததுதான். வரி விடுமுறை காலாவதியானது. மாநிலங்களுக்கிடையே குறைந்தபட்ச வரிவிகித உடன்பாடு வந்தது. 2007-இல் மதிப்புக் கூட்டு வரி. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி. பெட்ரோலும் மதுவும் தவிர மற்றவற்றில் விலை வேறுபாடு பெருமளவு கரைந்தது. வருவாயில் மதுவின் பங்கு கனத்தது. மலிவு மதுவின் லாபத்தைக் கணக்கிடும் எவரும், அது உள்ளூர்க் குடும்பங்களில் ஏற்படுத்தும் செலவையும் கழிக்க வேண்டும் என்ற விமர்சனத்துக்கு இன்னும் நல்ல மறுமொழி வரவில்லை.

மில்கள் ஏன் மூடின?

எல்லா நிலைப்பாடுகளும் வந்து மோதும் இடம் மூன்று ஆலைகளின் முடிவு. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட சுதேசி காட்டன் மில்ஸ் நிறுவனத்தின் ஆறு ஆலைகளை ஒன்றிய அரசு 1978 ஏப்ரலில் தன் நிர்வாகத்தில் எடுத்தது. அவற்றில் பழைய சவானா மில்லான புதுச்சேரி ஆலையும் ஒன்று. ஏ.எஃப்.டி. 1983-இல் கதவடைப்புக்கு உள்ளாகி, தொழிலாளர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின் 1986-இல் புதுச்சேரி அரசின் ஜவுளிக் கழகத்திடம் வந்தது. 2005-இல் சுதேசியும் பாரதியும் தேசிய ஜவுளிக் கழகத்திடமிருந்து புதுச்சேரி அரசுக்கு மாறின. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயலில் ஏ.எஃப்.டி. பலத்த சேதமடைந்தது. 2013 முதல் லே-ஆஃப், அதாவது வேலையின்றிப் பாதிச் சம்பளம். 2020 ஏப்ரல் 30 அன்று அது அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. அதே ஆண்டில் சுதேசி–பாரதியும்.

இதற்குச் சொல்லப்படும் முதல் விளக்கம் நிர்வாகச் சீர்கேடு. அரசு உடைமையானதும் ஆலை வேலைவாய்ப்பு அலுவலகமாக மாறியது, இயந்திரம் புதுப்பிக்கப்படவில்லை, ஆட்சி மாறும்போதெல்லாம் கொள்கையும் மாறியது என்பார்கள். இதை மறுப்பது கடினம். ஆனால் தனியார் கையில் இருந்தபோதே இவை நொடித்தன. அதனால்தான் அரசுக்கு வந்தன என்பதை இந்த விளக்கம் மறந்துவிடுகிறது.

இரண்டாவது, தேசியக் கொள்கை. நூற்பும் நெசவும் ஒரே கூரையின் கீழ் நடந்த பெரிய ஆலைகள், விசைத்தறியோடு போட்டியிட முடியாமல் நாடெங்கும் விழுந்தன. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியத் துணி உற்பத்தியில் பெரும்பங்கு வகித்த அவை, 2000களில் 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கின. 1985 ஜவுளிக் கொள்கை அந்தச் சரிவை ஏற்றுக்கொண்டது. பம்பாயில் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின்னும், கான்பூரிலும் நடந்ததைப் பார்த்தால் புதுச்சேரி தனிக்கதை அல்ல. மூன்றாவது, உலக வணிகம். ஆடை, துணி ஏற்றுமதிக்கு நாடுவாரியாக அளவு வைத்திருந்த பல்லிழை உடன்பாட்டின் ஒதுக்கீட்டு முறை 2004 இறுதியோடு முடிந்தது. ஒதுக்கீட்டின் நிழலில் ஓடிய பழைய ஆலைகளுக்கு அதன்பின் போட்டி கடுமையானது.

மூன்றும் ஓரளவு சரி. ஆனால் ஆலை ஏன் விழுந்தது என்ற கேள்வியில் மூன்றும் நின்றுவிடுகின்றன. விழும்போது யார் சுமந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. சுதேசி ஆலைகளை எடுத்தபோது உரிமையாளரின் தரப்பைக் கேட்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1981-இல் பிழை கண்டது. இயற்கை நீதி பற்றிய பாடநூல்களில் அந்தத் தீர்ப்பு நிலைத்துவிட்டது. மறு ஆண்டே, நிறுவனத்தைக் கலைக்கும் வழக்கில் தொழிலாளரும் தம் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னது. சட்டத்தில் குரல் கிடைத்தது. ஏழு ஆண்டு லே-ஆஃபில், வேறு தொழில் பழகும் வயதைக் கடந்த ஒரு நெசவாளியின் சந்தை மதிப்பை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

அரிசியா, பணமா?

அண்மைக் காலத்தில் கேள்வி வரியிலிருந்து அதிகாரத்துக்கு நகர்ந்திருக்கிறது. 2015 செப்டம்பரில் சண்டிகரும் புதுச்சேரியும் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறைக்கு மாறின. ஒன்றியப் பகுதிகள் சோதனைக்களமாக அமைவது எளிது என்பதை இதுவே காட்டுகிறது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்களின் கண்காணிப்பு ஆய்வு, தொடக்கத்தில் பணம் வந்ததா என்றே பலருக்குத் தெரியாமல் இருந்ததையும், காலப்போக்கில் பணத்தை விரும்பியோர் பெருகியதையும் சேர்த்தே பதிவு செய்தது.

புதுச்சேரியில் இது அரசியல் மோதலானது. இலவச அரிசி என்றது முதல்வர் நாராயணசாமியின் அரசு; பணம்தான் என்றார் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஊழியர் சம்பளம் தடைப்பட்டது. ரங்கசாமி அரசு 2024 அக்டோபரில் கடைகளை மீண்டும் திறந்தது. இரண்டில் எது சிறந்தது என்பதற்குப் பொருளியலில் இரு தரப்பும் வலுவாகவே வாதிடலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான சிவப்பு ரேஷன் அட்டை வைத்திருக்கும் குடும்பம் ஒன்றுக்கு அதைவிட முக்கியம், எந்த முறையாக இருந்தாலும் அது அடுத்த ஆண்டும் இருக்குமா என்பது.

மாநிலத் தகுதி கோருவோர் இதையே தம் வாதத்துக்கு அடித்தளமாக்குகிறார்கள். நிதி ஆணையத்தின் பகிர்வு வரம்புக்குள் ஒன்றியப் பகுதிகள் வருவதில்லை. 2007 டிசம்பரில் புதுச்சேரிக்குத் தனிப் பொதுக்கணக்கு தொடங்கியபின் கடன் வாங்குவதும் வட்டி கட்டுவதும் மாநிலங்களைப் போல. பங்கு பெறுவது மட்டும் மாநிலங்களைப் போல இல்லை. வாதம் நியாயமானது. எனினும், மாநிலமானால் ஒன்றிய அரசின் தனி உதவிகள் சில குறையக் கூடும் என்ற எதிர்வாதத்தையும் எடைபோட வேண்டும். மாநிலத் தகுதி இருந்த இடங்களிலும் பஞ்சாலைகள் மூடின.

மதிப்பீடு

இந்த விடைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், கோடு நல்லதா கெட்டதா என்ற கேள்வி சற்றுப் பிழையாக எழுப்பப்பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. வரி வேறுபாட்டின் ஆதாயம், அதைத் தாண்டிச் செல்லக்கூடிய சரக்குக்கும் முதலுக்கும் முதலில் போய்ச் சேர்ந்தது: கினே வணிகர், கடிகாரக் கடத்தல்காரர், வரி விடுமுறை தேடி வந்த நிறுவனம். வேறுபாடு மறையும்போது அவர்கள் நகர்ந்தார்கள், அல்லது ஈடு பெற்றார்கள். உப்பளக் கூலியாலும் மில் தொழிலாளியாலும் நகர முடியவில்லை. இந்தப் போக்குக்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு: 1937 ஆணை, 1986 ஏ.எஃப்.டி. மீட்பு. இரண்டிலும் மக்கள் திரண்டு, தொலைவில் முடிவெடுப்பவரை இறங்கிவர வைத்தார்கள். எனவே எல்லையைவிடத் திரட்சியே தீர்மானித்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அதற்கும் வரம்பு உண்டு. 1986-இல் ஆலையை மீட்ட திரட்சியால் விசைத்தறியின் விலையையும் உலகச் சந்தையையும் எதிர்த்து அதை ஓட வைக்க முடியவில்லை.

சில கேள்விகள் தீராமலே இருக்கின்றன. மூடும் ஆலையிலிருந்து வெளியேறுவோருக்கு ஒருமுறை தரும் தொகை போதுமா, மறுபயிற்சியும் மாற்று வேலையும் கொள்கையின் கட்டாயப் பகுதியாக வேண்டுமா? சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பின் குறைந்த வரியின் இடத்தைச் சுற்றுலா நிரப்பும் என்றால், அந்த வேலைகளுக்கு 1937-இல் கிடைத்ததைப் போன்ற நேர வரம்பும் சங்க உரிமையும் எப்படி வரும்? மாநிலத் தகுதி கிடைத்தால், முடிவெடுக்கும் அதிகாரம் துணைநிலை ஆளுநரின் ராஜ் நிவாஸிலிருந்து சட்டமன்றத்துக்கு வருவதோடு நின்றுவிடுமா, அதைத் தாண்டியும் போகுமா? அடுத்த வரிப்போரின்போது நிவாரணத் திட்டம் எழுதுவோர், ஏற்றுமதியாளருக்கான கடன் சலுகையோடு சேர்த்துத் துண்டுக் கூலிக்கு வேலை செய்பவருக்கான ஒரு வாக்கியத்தையும் முதல் பக்கத்திலேயே எழுதுகிறார்களா என்பதைப் பார்த்தால், புதுச்சேரியின் 200 ஆண்டு அனுபவத்திலிருந்து எவ்வளவு கற்றோம் என்று தெரியும். இதுவரை கிடைத்த சான்றுகள் அந்த நம்பிக்கைக்குச் சிறிதளவே இடம் தருகின்றன.